ஸ்கீ மலையில் குளிருகிறதா? எங்கே, எப்போது என்று முதலில் பாருங்கள்

பனிச்சறுக்கு நடக்கும் ஸ்கீ மலையில் ஒருநாள் நடுங்கிவிட்டு வந்தவர்கள் அடுத்த முறை செய்வது என்ன? இன்னொரு ஸ்வெட்டரைச் சேர்த்துப் போட்டுக்கொண்டு போவார்கள். அன்றைக்குக் குளிர் இன்னும் கூடும். சரிவில் நம்மைக் குளிர வைப்பது பெரும்பாலும் இந்த மூன்று காரணங்களில் ஒன்று: உள்ளே சேர்ந்த ஈரம், எங்கோ ஓர் இடைவெளியில் நுழையும் காற்று, ரத்தத்தை ஓடவிடாத இறுக்கம். ஸ்வெட்டர் இதில் எதையும் சரிசெய்யாது. ஈரத்தையும் இறுக்கத்தையும் அது கூட்டவே செய்யும். அதனால் எதையாவது கூடுதலாகப் போடுவதற்கு முன், எதைக் கழற்றலாம், எதைத் தளர்த்தலாம் என்று பாருங்கள் என்பதுதான் என் கட்சி.

இங்கே எழுதியிருப்பது கிழக்குக் கனடாவின் சரிவுகளை மனத்தில் வைத்து. டொரொன்டோவிலிருந்து சுமார் இரண்டு மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கும் புளூ மவுன்டன், ஹூரான் ஏரியின் ஜார்ஜியன் வளைகுடாவைப் பார்த்தபடி நிற்கிறது. ஏரிக்காற்றும், பூஜ்ய டிகிரியை ஒட்டிய நாட்களில் ஈரப் பனியும் அங்கே வழக்கம். மொன்றியாலுக்கு வடமேற்கே லோரன்ஷியன் மலைகளில் இருக்கும் மோன் ட்ரம்ப்ளான் வேறு ரகம். சறுக்குப் பாதைகளின் உச்சி 875 மீட்டர்தான். ஆனால் ஜனவரியில் மைனஸ் 20 டிகிரியில் விடியும் நாட்கள் அங்கே அதிசயமில்லை. ஒரு மலையில் நனைந்து குளிரும், இன்னொன்றில் காய்ந்து குளிரும். ஒரே உடுப்பை இரண்டு இடத்துக்கும் அப்படியே எடுத்துக்கொண்டு போனால் ஏதாவது ஒன்றில் மாட்டிக்கொள்வீர்கள்.

உங்கள் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேரே போய்விடலாம். அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

உடுப்பை நோண்டாமல் உள்ளே போக வேண்டிய நேரம்

நிற்காத நடுக்கம், குழறும் பேச்சு, ஜிப்பைக்கூடப் பிடித்து இழுக்க முடியாத தடுமாற்றம், கலகலப்பாக வந்தவர் திடீரென்று மந்தமாகிவிடுவது எல்லாம் உடலின் வெப்பநிலை இறங்குவதன் அடையாளம். நடுங்கிக்கொண்டிருந்தவருக்குச் சூடேறாமலே நடுக்கம் நின்றுபோனால் அவர் தேறிவிட்டார் என்று நினைக்காதீர்கள். நிலைமை இன்னும் மோசம். அடுக்குகளைப் பற்றி யோசிக்கும் நேரமில்லை அது. மலையின் மீட்புக் குழுவான ஸ்கீ பேட்ரோலைக் கூப்பிடுங்கள், ஈர உடுப்பைக் கழற்றிக் கதகதப்பான இடத்தில் வையுங்கள்.

மூக்கு நுனி, கன்னம், காது மடல் ஆகியவற்றில் தோல் மெழுகு நிறத்தில் வெளுத்தால் அது உறைவின் தொடக்கம். தொட்டால் இன்னும் மெத்தென்று இருந்தால் வெறும் கையை வைத்து மூடினாலே நிறம் திரும்பிவிடும். கல்லாக விறைத்து உணர்ச்சியே இல்லையென்றால் உறைபுண்; மருத்துவ உதவி வேண்டும். தேய்க்கக் கூடாது. பனியை அள்ளித் தேய்ப்பது பழைய காலத்துத் தவறான வைத்தியம். ஹீட்டர் பக்கமும் நீட்டாதீர்கள், மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாது. 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் வைப்பதுதான் முறை. அதையும், அந்த இடம் மறுபடி உறையாது என்ற உறுதி இருந்தால் மட்டும் செய்ய வேண்டும்.

இறங்கும்போது சுகம், லிஃப்டில் உட்கார்ந்ததும் முதுகு சில்லிடுகிறது

மிகப் பரவலான புகார் இதுதான். (லிஃப்ட் என்பது கம்பியில் தொங்கியபடி நம்மை மலைமேலே ஏற்றும் நாற்காலி.) காலையில் ஒன்றும் தெரியாது, சில முறை ஏறி இறங்கியதும் தொடங்கும். சோதனை எளிது. மலையடிவாரத்தில் இளைப்பாறும் கட்டடமான லாட்ஜுக்குள் போய், தெர்மல் உள்ளாடைக்கு அடியில் கையை விட்டு நடுமுதுகைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருக்கிறதா? சரி, ஆள் அகப்பட்டுவிட்டான்.

பனிச்சறுக்கின் தாளம் அப்படி. தொடை எரிய எரியச் சில நிமிடம் இறங்குகிறோம். அப்புறம் அதைவிடக் கூடுதல் நேரம் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து காற்றில் தொங்குகிறோம். இறங்கும்போது சுரந்த வியர்வை லிஃப்டில் ஆவியாகத் தொடங்கும். மண்பானை தண்ணீரைக் குளிர வைக்கும் அதே வேலை உங்கள் முதுகில் நடக்கும். ஆவியாகாமல் துணியிலேயே தங்கினாலும் கேடுதான், ஏனென்றால் தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்திவிடும். புதிதாகக் கற்பவர்கள் இதில் அதிகம் சிக்குவார்கள். விழுந்து எழுவதும், பூட்ஸோடு ஸ்கீயைத் தூக்கிக்கொண்டு நடப்பதும் சறுக்குவதைவிடப் பெரிய உழைப்பு.

முதல் சந்தேகம் பருத்தி. நல்ல தெர்மலாகப் பார்த்து வாங்கிவிட்டு, பழக்க தோஷத்தில் அதற்கு உள்ளே ஒரு பனியனையும் மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் நம்மில் ஏராளம். திருப்பூர் பனியன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல ஆவியாக்குவது சித்திரை வெயிலில் பெரிய உபகாரம். மைனஸ் 15ல் அதே குணம் எதிரி. பனியன் மட்டுமில்லை, பருத்தி ஜட்டி, பருத்தி பிரா, நடுவில் போடும் ஹூடி, ஸ்கீ பேன்டுக்கு அடியில் ஜீன்ஸ், எல்லாம் இதே கணக்கில்தான் வரும். பிராவின் கீழ்ப்பட்டை நனைந்து நெஞ்சைச் சுற்றிப் பனிக்கட்டியாய் நிற்பதைப் பெண்கள் பலர் சொல்வார்கள். செயற்கை நூல் ஸ்போர்ட்ஸ் பிரா போட்டால் அது தீரும். ‘தெர்மல்’ என்று அட்டையில் எழுதியிருப்பதையும் நம்ப வேண்டாம். மலிவான கட்டம்போட்ட நெசவுத் தெர்மல்களில் பல பருத்திதான். உள்ளே தைத்திருக்கும் லேபிளைப் படியுங்கள்.

உடலோடு ஒட்டும் அடுக்குக்கு இரண்டு நல்ல தேர்வுகள் உண்டு. மெரினோ கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை நூலுக்குள் வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது, நாற்றமும் பிடிக்காது. பாலியஸ்டர் ஈரத்தைக் குடிக்காது, சீக்கிரம் காயும், விலையும் குறைவு, ஆனால் ஒரே நாளில் நாறும். நிறைய வியர்க்கிறவர்களுக்கு நான் பாலியஸ்டரைத்தான் சொல்வேன், மற்றவர்களுக்கு மெரினோ. மெரினோவில் எழுதியிருக்கும் 150, 200, 250 என்ற எண்கள் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற துணிக் கனம். 200 வாங்கினால் பெரும்பாலான நாட்களுக்குப் போதும். கம்பளி குத்தும் என்று ஒதுங்குகிறவர்கள் மெரினோவைத் தொட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். இழை மெல்லியது, பாட்டி பின்னிய ஸ்வெட்டரின் அரிப்பு இதில் வராது.

பருத்தி எங்கேயும் இல்லை, ஆனாலும் முதுகு நனைகிறதா? அப்படியானால் உடுப்பு அதிகம். கார் பார்க்கிங்கிலேயே கதகதப்பாக இருந்தால் இரண்டாவது சரிவில் நனைந்துவிடுவீர்கள். வண்டியை விட்டு இறங்கி நிற்கும் முதல் ஐந்து நிமிடம் லேசாகக் குளிர வேண்டும், அதுதான் சரியான அளவு. நடு அடுக்கைக் கழற்றிப் பையில் வையுங்கள். ஜாக்கெட்டின் அக்குளில் ஜிப் இருந்தால் இறங்கும்போது திறந்து, லிஃப்டில் ஏறும்முன் மூடுங்கள். அந்த ஜிப்பைப் பலர் வாங்கிய நாள் முதல் தொட்டதே இல்லை.

இன்னொரு குற்றவாளி டொரொன்டோ நகரத்து பார்க்கா. பஸ் நிறுத்தத்தில் அசையாமல் நிற்கிறவருக்காகத் தைத்த கோட்டு அது. தொடை வரை நீளம், கனமான இறகு நிரப்பல், காற்று வெளியேற வழியே கிடையாது. எவ்வளவு விலை கொடுத்ததாக இருந்தாலும் அதை லாட்ஜ் வாசலோடு நிறுத்திவிடுங்கள்.

ஏற்கெனவே நனைந்துவிட்டவர்களுக்கு ஒரே வைத்தியம் மாற்றுத் தெர்மல். பையில் ஒன்று எப்போதும் இருக்கட்டும். மத்தியானச் சாப்பாட்டுக்கு உள்ளே வரும்போது மாற்றினால் பிற்பகல் வேறு நாள் மாதிரி இருக்கும்.

வியர்க்கவே இல்லை, முதல் ஏற்றத்திலேயே குளிர் எலும்புக்குள் போகிறது

முதுகு காய்ந்திருக்கிறது, ஆனாலும் குளிர் என்றால் காற்றைச் சந்தேகியுங்கள். வானிலைச் செயலியில் மைனஸ் 20, காற்று இல்லை என்று போட்டிருக்கும். ஆனால் வேகமான நாற்காலி லிஃப்ட் நொடிக்கு 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் உங்களை இழுத்துக்கொண்டு போகிறது. கனடா பயன்படுத்தும் காற்றுக்குளிர்ச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் அது மைனஸ் 30க்குச் சமம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் இறங்கினால் மைனஸ் 34. அதாவது காற்றே இல்லாத நாளிலும் உங்கள் காற்றை நீங்களே உண்டாக்கிக்கொள்கிறீர்கள். காற்றுக்குளிர் எண் மைனஸ் 28க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம் என்பது கனடிய வானிலைத் துறையின் எச்சரிக்கை.

ஃப்ளீஸ் என்ற மெத்தென்ற செயற்கை நூல் துணி எவ்வளவு தடியாக இருந்தாலும் காற்றைத் தடுக்காது. வாயருகே வைத்து ஊதிப் பாருங்கள், மறுபக்கம் கையில் காற்றுப் படும். வெளியே காற்றுப் புகாத ஷெல், அதாவது பஞ்சு வைக்காத மெல்லிய மேல் ஜாக்கெட் வேண்டும். மைனஸ் 20ல் அந்த ஷெல்லின் லேபிளில் நீர்த்தடை எண் 20,000 மி.மீ. என்று போட்டிருக்கிறதா என மண்டையைக் குடைய வேண்டாம். அந்தக் குளிரில் பனி மாவு போல உதிரும், நனைக்காது. காற்றைத் தடுத்தால் போதும். நீர்த்தடை எண் முக்கியமாவது புளூ மவுன்டனின் ஈர நாட்களில்.

ஷெல் இருந்தும் குளிர்கிறதா? இடைவெளிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். கழுத்து, மணிக்கட்டு, இடுப்பு, அப்புறம் மூட மறந்த அந்த அக்குள் ஜிப். லிஃப்டில் குனிந்து உட்காரும்போது ஜாக்கெட் மேலே ஏறி, பேன்ட் கீழே இறங்கி, முதுகின் அடிப்பகுதி திறந்துகொள்வது சாதாரணம். ஜாக்கெட்டின் உள்ளே இருக்கும் எலாஸ்டிக் பாவாடைப்பட்டையைப் பொத்தான் போட்டு மூடுங்கள். தோளில் மாட்டும் வார் வைத்த பிப் பேன்ட் வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை, கழிப்பறைக்குப் போகும்போது மட்டும் கொஞ்சம் அல்லாட வேண்டும்.

இடைவெளியும் இல்லையென்றால் உண்மையிலேயே துணி போதவில்லை. அப்போதுதான் அடுக்கைக் கூட்ட வேண்டும். தோராயமாகச் சொன்னால், பூஜ்யத்திலிருந்து மைனஸ் 5 வரை மெல்லிய தெர்மலும் ஷெல்லும், வேண்டுமானால் மெல்லிய ஃப்ளீஸ் ஒன்றும். மைனஸ் 10, 15க்கு 200 கிராம் மெரினோ, நடுத்தர ஃப்ளீஸ், ஷெல். மைனஸ் 20க்குக் கீழே கனமான தெர்மல், மெல்லிய ஃப்ளீஸ், அதன்மேல் செயற்கைப் பஞ்சு வைத்த மெல்லிய பஃபர் ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் மேலே ஷெல். இறகு வைத்த பஃபர் எடைக்கு எடை இன்னும் கதகதப்பு. ஆனால் வியர்வையில் நனைந்தால் இறகு சுருண்டு உப்பல் போய்விடும். அதனால் நடு அடுக்காகச் செயற்கைப் பஞ்சே என் தேர்வு. ஆளுக்கு ஆள் ஓர் அடுக்கு முன்னே பின்னே இருக்கும்.

எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு உங்களை நீங்களே கட்டிப்பிடித்துப் பாருங்கள். தோளில் இழுத்தால் ஷெல் சிறிது. பஃபரை நசுக்கினால் அதன் உள்ளே இருக்கும் காற்று போய்விடும், கதகதப்பும் அதோடு போகும். சூட்டைக் காப்பது அந்தக் காற்றுதான்.

அப்புறம் ஒரு குறுக்குவழி: கடும் குளிர் நாளில் கொண்டோலா என்ற மூடிய பெட்டி லிஃப்ட் இருக்கும் பக்கமாகச் சறுக்குங்கள். ட்ரம்ப்ளானில் அந்த வசதி உண்டு. வரிசை நீளம் என்று முணுமுணுக்காமல் நில்லுங்கள்.

கால் விரல்கள் மரத்துப்போகின்றன

இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டிருக்கிறீர்களா? ஒன்றைக் கழற்றுங்கள். பாதிப் பேருக்குப் பிரச்சினை இங்கேயே முடிந்துவிடும்.

ஸ்கீ பூட்ஸ் கெட்டி பிளாஸ்டிக். சாதாரணச் செருப்புக் கடைப் பூட்ஸ் மாதிரி விரிந்து கொடுக்காது. உள்ளே துணி கூடக் கூட, நசுங்குவது கால்தான். ரத்தம் வராத விரலை எந்தக் கம்பளியும் சூடாக்காது, ஏனென்றால் சாக்ஸ் சூட்டை உண்டாக்குவதில்லை, ரத்தம் கொண்டுவரும் சூட்டைக் காப்பது மட்டுமே அதன் வேலை. முழங்கால் வரை வரும் மெல்லிய ஸ்கீ சாக்ஸ், மெரினோ கலந்தது, ஒரே ஜோடி போதும். தெர்மல் பேன்டின் நுனியைப் பூட்ஸுக்குள் திணிக்காதீர்கள். அந்த மடிப்பு கணுக்காலுக்கு மேலே கயிறு கட்டினாற்போல் அழுத்தும். முக்கால் நீளத் தெர்மல் அதற்காகவே விற்கிறார்கள். இல்லையென்றால் நுனியைப் பூட்ஸ் விளிம்புக்கு மேலே சுருட்டிவிடுங்கள்.

அடுத்து பூட்ஸை இறுக்கிப் பூட்டும் பக்கிள்கள். பாதத்தின் மேல்முகட்டில் ஓடும் ரத்தக்குழாயை நடுப் பக்கிள் நெரித்தால் விரல் மரத்துப்போவதோடு பாத முகடும் வலிக்கும். இரண்டும் சேர்ந்து வந்தால் காரணம் இதுதான். விரல் பக்கமுள்ள கீழ்ப் பக்கிளைப் பட்டும் படாமலும் போடுங்கள், முகட்டுப் பக்கிளை ஒரு பல் தளர்த்துங்கள். பிடி வேண்டியது கணுக்காலுக்கு மேலேதான். லிஃப்டில் உட்கார்ந்ததும் கீழ் இரண்டையும் அவிழ்த்துவிட்டு, கால்தாங்கி இருந்தால் அதில் பாதத்தை வைத்து, விரல்களை ஆட்டிக்கொண்டே போங்கள். இறங்கும் முன் மாட்ட மறக்க வேண்டாம்.

வாடகைப் பூட்ஸா? நேராக நிற்கும்போது விரல் நுனி முன்சுவரைத் தொட வேண்டும், முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்தால் விலக வேண்டும். சாய்ந்தபிறகும் முட்டினால் அளவு சிறிது. கூச்சப்படாமல் திரும்பிப் போய் மாற்றிக் கேளுங்கள். கடையில் அவர்களுக்கு இது நாளெல்லாம் நடப்பதுதான்.

இறுக்கம் இல்லை, ஆனாலும் குளிர் என்றால் ஈரத்துக்கு வாருங்கள். இரண்டு மணி நேரம் கார் ஹீட்டரில் வியர்த்த சாக்ஸோடு அப்படியே பூட்ஸுக்குள் நுழையாதீர்கள். மலையில் புது ஜோடியை மாற்றுங்கள். பூட்ஸை டிக்கியில் போட்டு வந்தால் பிளாஸ்டிக் கல்லாக இறுகிவிடும், போடுவதே பெரும்பாடு; காருக்குள் காலடியில் வையுங்கள். இரவில் உள்ளே இருக்கும் லைனரைக் கழற்றி அறை வெப்பத்தில் காய வையுங்கள், ரேடியேட்டர்மேல் நேராக வேண்டாம்.

கை விரல்கள்

ஐந்து விரல் கிளவுஸைவிட, நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் மிட்டன் கதகதப்பு அதிகம். மைனஸ் 15க்குக் கீழே இதில் விவாதமே கிடையாது. அதற்குள் மெல்லிய உள்கிளவுஸ் ஒன்று போட்டால், போனை எடுக்கவோ பக்கிளைப் பூட்டவோ வெறும் கையை வெளியே நீட்ட வேண்டியதில்லை. வெறும் கை பனி உலோகத்தைத் தொட்ட அரை நிமிடத்தை ஈடுகட்டப் பல நிமிடம் ஆகும்.

கை விறைத்துவிட்டதா? பந்து வீசுகிறவர் போலத் தோளிலிருந்து முழுக் கையையும் வேகமாகச் சுழற்றுங்கள். ரத்தம் விரல் நுனிக்குத் தள்ளப்படும். திரும்ப வரும்போது ஊசி குத்துகிற வலி இருக்கும், பயப்பட வேண்டாம். அதற்கும் சரியாகவில்லை என்றால் கையை விட்டுவிட்டு நெஞ்சைப் பாருங்கள். நடு உடம்பு குளிர்ந்தால் மூளை கை கால்களுக்குப் போகும் ரத்தத்தை முதலில் குறைத்துவிடும். விலையுயர்ந்த மிட்டன் போட்டும் விரல் விறைக்கிறவர்களில் பலருக்கு வேண்டியது ஒரு மெல்லிய வெஸ்ட்தான்.

மிட்டனுக்குள் வைக்கும் சூட்டுப் பொட்டலங்கள் நன்றாகவே வேலை செய்யும். அவற்றுக்குள் இரும்புத்தூள் துருப்பிடிப்பதால்தான் சூடு வருகிறது, அதற்குக் காற்று வேண்டும். அதனால் கைக்கு உரியதை எடுத்துப் பூட்ஸுக்குள் திணித்தால் மெல்லச் செத்துப்போகும், இடத்தையும் அடைக்கும். மாலையில் மிச்சமிருந்தால் காற்றுப் புகாத ஜிப் பையில் போட்டு மூடுங்கள். துருப்பிடிப்பது நின்று மறுநாள் மீதிச் சூடு கிடைக்கும்.

விரல்கள் கோடு போட்டாற்போல் வெளுத்து, பிறகு நீலம், பிறகு சிவப்பு என்று மாறினால், அதுவும் வீட்டில் ஃப்ரிட்ஜைத் திறந்தாலே அப்படி ஆனால், அது ரேனாட் என்ற ரத்தக்குழாய்ச் சுருக்கமாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுங்கள், உடுப்பால் மட்டும் தீராது.

முகம் எரிகிறது, மூடினால் காகிள்ஸ் மங்குகிறது

இந்த இரண்டையும் ஒன்றாகத்தான் தீர்க்க வேண்டும். குரங்குக் குல்லா என்று நாம் கேலி செய்த பாலகிளாவாதான் கடும் குளிரில் ராஜா. ஹெல்மெட்டுக்கு அடியில் மெல்லியதாக ஒன்று போதும். கம்பளித் தொப்பிமேல் ஹெல்மெட் போட்டால் ஹெல்மெட் சரியாக உட்காராது. கழுத்துக்கு மஃப்ளர் வேண்டவே வேண்டாம். தொங்கும் நுனி லிஃப்டிலோ கயிற்று இழுவையிலோ சிக்கினால் ஆபத்து. குழாய் வடிவ நெக் வார்மர் போடுங்கள்.

மங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் நெக் வார்மரின் மேல் விளிம்பைக் காகிள்ஸுக்குள் செருகுவதுதான். மூச்சு முழுக்க நேராகக் கண்ணாடிக்குள் போகிறது. விளிம்பைக் காகிள்ஸுக்கு வெளியே, மூக்கின்மேல் நிறுத்துங்கள். இன்னொரு காரணம், வியர்த்த நெற்றிமேல் காகிள்ஸை ஏற்றிவைப்பது. மூன்றாவது பலருக்குத் தோன்றாது: உடம்பு மிதமிஞ்சிச் சூடாகிக் காலர் வழியாக நீராவி மேலே வருவது. தாடைக்குக் கீழே ஜிப்பை இரண்டு அங்குலம் இறக்கினால் கண்ணாடி தெளிவதைப் பார்க்கலாம். மங்கிவிட்டால் உள்பக்கத்தைத் துடைக்காதீர்கள், மங்காமல் காக்கும் பூச்சு உரிந்துவிடும். லாட்ஜில் ஜாக்கெட்டுக்குள் வைத்துக் காயவிடுங்கள். பார்வைக் கண்ணாடி போடுகிறவர்கள் அதன்மேல் அணியும் பெரிய ரகக் காகிள்ஸ் கேட்டு வாங்க வேண்டும்.

மூக்குத்தி, தோடு, ஜிமிக்கி எல்லாவற்றையும் கடும் குளிர் நாளில் வீட்டில் வைத்துவிடுங்கள். உலோகம் அந்த இடத்தின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். முகத்தில் எண்ணெய் பூசினால் குளிர் ஏறாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மூடுவதற்கு மாற்று இல்லை. தேங்காய் எண்ணெயே 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், அதுவா நம்மைக் காப்பாற்றப்போகிறது? லிஃப்டில் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் திட்டு வந்தால் அவருக்கே தெரியாது.

ஜாக்கெட் ஒழுகுகிறது

பெரும்பாலும் ஒழுகுவதில்லை. வெளித்துணியின் நீர்விலக்குப் பூச்சு தேய்ந்து, துணி ஈரத்தைக் குடித்துவிட்டிருக்கும். உள்ளே இருக்கும் சவ்வு நீரைத் தடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் மேலே ஈரப் படலம் இருப்பதால் உங்கள் வியர்வை வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நீராகிறது. அதைத்தான் ஒழுகல் என்று நினைக்கிறோம். குழாயடியில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்துமுத்தாய் உருண்டால் பூச்சு நன்றாக இருக்கிறது. துணி கறுத்து நனைந்தால் போய்விட்டது.

தூக்கி எறிய வேண்டாம். அழுக்கும் சோப்பு மிச்சமுமே பாதிக் காரணம். இந்த வகைத் துணிக்கென்று விற்கும் சோப்பால் துவையுங்கள், சாஃப்ட்னர் கூடாது. லேபிள் அனுமதித்தால் டிரையரில் மிதமான சூட்டில் போடுங்கள்; அந்தச் சூட்டிலேயே பழைய பூச்சு ஓரளவு உயிர்பெறும். அதற்கும் உருளவில்லை என்றால் ஸ்பிரே வாங்கி அடியுங்கள்.

செயற்கைப் பனி பீய்ச்சும் இயந்திரங்களுக்கு அடியில் சறுக்குவது ஈரத்துக்கு இன்னொரு வழி. அது தண்ணீர்த் துளிதான், ஜாக்கெட்டில் ஒட்டி உறையும். சுற்றிப் போக வழியிருந்தால் சுற்றிப் போங்கள்.

பேன்டின் பின்புறம் மட்டும் நனைகிறது என்றால் லிஃப்ட் நாற்காலியில் பனியைத் தட்டாமல் உட்கார்கிறீர்கள், அவ்வளவுதான்.

காலையில் சரியாக இருந்தது, மத்தியானத்துக்குமேல் தாங்கவில்லை

முதலில் வயிற்றைக் கேளுங்கள். குளிரில் உடம்பு எரிக்க எரிபொருள் வேண்டும். காலையில் ஒரு டீயோடு கிளம்பியவர் இரண்டு மணிக்கு நடுங்குவதற்கு ஜாக்கெட் பொறுப்பல்ல. தண்ணீரும் குடியுங்கள், குளிரில் தாகம் தெரியாது. ஒரு பெக் போட்டால் சூடேறும் என்பவர்களுக்கு: மது தோலின் ரத்தக்குழாய்களை விரிக்கும், முகம் கதகதப்பாகத் தோன்றும், உள்ளே இருக்கும் சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். அதையெல்லாம் கடைசி இறக்கத்துக்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

முதல் நாளைவிட இரண்டாம் நாள் குளிர் அதிகமாகத் தெரிந்தால் நேற்றைய ஈரம்தான். மிட்டன், லைனர், நெக் வார்மர் மூன்றையும் இரவே பையிலிருந்து எடுத்து விரித்துப் போட்டீர்களா? காரிலேயே விட்டிருந்தால் காலையில் அவை காய்ந்திருக்காது, உறைந்திருக்கும்.

எல்லாம் வாங்க இப்போது காசில்லை

சாக்ஸ் முதலில். அப்புறம் தெர்மல் மேல் கீழ், மிட்டன், நெக் வார்மர். இவை உடம்பில் ஒட்டுபவை, இரவல் வாங்கவும் மனம் வராது. நடு அடுக்குக்கு வீட்டில் இருக்கும் ஏதாவது ஃப்ளீஸ் போதும், பருத்தி இல்லாமல் இருந்தால் சரி. பூட்ஸும் ஹெல்மெட்டும் மலையிலேயே வாடகைக்குக் கிடைக்கும். ஷெல்லையும் பேன்டையும் நண்பர்களிடம் கேளுங்கள், அல்லது மார்ச் கடைசியில் சீசன் முடியும்போது தள்ளுபடியில் பிடியுங்கள். போட்டுப் பார்க்கும்போது அடியில் ஃப்ளீஸையும் மாட்டிக்கொண்டு போங்கள். வெறும் சட்டைக்குக் கச்சிதமாக நிற்கிற ஜாக்கெட் ஜனவரியில் சிறிதாகிவிடும்.